முடிச்சுக்குக் கீழே

செப்டம்பர் 16, செவ்வாய்

மாடித்தோட்ட வகுப்பில் இன்று முதல் நாள். மாலை ஏழு முதல் எட்டு வரை. வகுப்பெடுக்கும் ஜெயபாரதி ஒரு நர்சரியில் வேலை பார்க்கிறவர். என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். ஆளுக்கொரு செடியை எடுத்துக்கொண்டு, தேதி போட்டு, தண்ணீர், உரம், கண்ட மாற்றம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதச் சொன்னார். எனக்குச் சரியாக எழுத வருமா என்று தெரியவில்லை.

செடி: ஒட்டு ரோஜா. நிறம்: ரத்தச் சிவப்பு. இடம்: மங்கலத்தில் எங்கள் வாடகை வீட்டு வாசல், பழைய பெயிண்ட் வாளி. வைத்தவள்: அக்கா தமிழ்மதி.

அக்கா போன தை மாதம் இறந்துவிட்டாள். மூன்று நாள் காய்ச்சல். அதற்குப் பிறகு வாளிப் பக்கம் யாரும் போகவில்லை. சித்திரை வெயிலில் செடி காய்ந்து மேலே இரண்டு குச்சி மட்டும் மிஞ்சியது. ஜூன் 15 அன்று நான்தான் குச்சிகளை வெட்டிக் கவாத்து செய்தேன். ஜூலையில் அடியிலிருந்து தளிர் வந்தது. இப்போது மூன்று கொடி. நீளமானது இருபத்தாறு அங்குலம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்பதால் இஞ்ச் டேப் எப்போதும் பையில் இருக்கிறது.

உரம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? அம்மா தினமும் ஒரு டம்ளர் டீ வைக்கிறாள்.

அம்மாவுக்குத் தறிக்குடோனில் நூல் சுற்றும் வேலை. காலையில் கிளம்பும் முன் வாளி அருகே குத்தவைத்து உட்கார்ந்துகொள்கிறாள். "எந்திரிச்சுட்டயா கண்ணு? ராத்திரி குளுருச்சா? அன்பு உன்ர சுடிதாரத்தா போட்டுட்டுப் போறா, கோவிச்சுக்காதே." அன்பு என்கிறது என்னைத்தான். பிறகு பேசாமல் இருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து "ம்" என்கிறாள், யாரோ சொன்னதற்குச் சம்மதிப்பதுபோல.

இன்னொன்று. வெயில் கிழக்கிலிருந்து வருகிறது. கொடிகள் சாய்வது மேற்கே, எங்கள் கதவை நோக்கி. மூன்று முறை பார்த்தேன். நான் தப்பாகப் பார்த்திருக்கலாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்று ஜெயபாரதி ஒரு ஒட்டு ரோஜாவை மேசைமேல் வைத்துக் காட்டினார். தரையை ஒட்டித் தண்டில் ஒரு வீக்கம்.

"இந்த முடிச்சுலதாங்க ஒட்டுக் கட்டியிருக்கறது. கீழ இருக்கறது காட்டு ரோஜா, வேருக்காக வெச்சது. மேல இருக்கறதுதான் நீங்க ஆசைப்பட்டு வாங்குன பூ. முடிச்சுக்குக் கீழ கத்தி படவே கூடாது. கீழயிருந்து ஏதாச்சும் துளுத்தா உடனே கிள்ளீருங்க. அது உங்க ரோஜா இல்லைங்க."

"எப்படிங்க கண்டுபுடிக்கறது?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"ஒரு காம்புல எத்தன இலைன்னு எண்ணுங்க. ஒட்டுல பெரும்பாலும் அஞ்சு. காட்டுச் செடியில ஏழு."

பஸ்ஸில் வரும்போது எண்ணிக்கை ஏழாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்தேன். செல்போன் வெளிச்சத்தில் பதினோரு காம்புகளை எண்ணினேன். பதினொன்றிலும் ஏழு.

ஜூன் 15 அன்று நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன். கம்பெனியில் என் வேலை குறை கண்டுபிடிப்பது. துணியில் முடிச்சோ ஓட்டையோ தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஒருநாளில் அறுநூறு, எழுநூறு பீஸ். அந்த ஞாயிற்றுக்கிழமை தண்டில் வீக்கத்தைப் பார்த்ததும் நோய் என்றுதான் நினைத்தேன். பையில் இருந்த ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. அம்புக்குக் கீழே வெட்டினேன். மேலே இருந்த இரண்டு குச்சிகளில் ஒன்று பச்சையாக இருந்தது. அதில் மிளகளவில் சிவப்பாக ஒரு தளிர்க்கண் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் குப்பை வண்டியில் போட்டேன்.

அக்காவின் ரோஜா அன்றைக்கே போய்விட்டது.

உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்: "இருட்டுல அக்காகூட என்ன பேச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

அக்டோபர் 11, சனி

கம்பெனியிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் ரோஜா வாசம். வீட்டில் பூ இல்லை, ஊதுபத்தி இல்லை, சோப்பு மாற்றவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "உனக்கும் அடிக்குதா?"

ஆமாம் என்றேன். அம்மா சிரித்தாள். தை மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது இப்போதுதான். அந்த வாசம் நிஜமாகவே வந்ததா என்று இப்போது எழுதும்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் வந்தது வாசமா, அம்மாவின் முகமா?

நவம்பர் 30, ஞாயிறு

தங்கவேலு மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. தை பிறந்தால் அக்காவுக்கு வருஷம் திரும்புகிறது, திதிக்கு நாள் குறிக்க வேண்டும் என்றார்.

"திதி வேண்டாம்டா. அவதான் வந்துட்டாளே," என்றாள் அம்மா, வாசலைக் காட்டி.

மாமா டீ டம்ளரைப் பார்த்தார். "ஏனுங்கக்கா, வந்து அரைமணி நேரமாச்சு, தம்பிக்கு ஒரு வாய்த் தண்ணி இல்ல. செடிக்கு இஞ்சி தட்டிப்போட்ட டீயா?"

"அவ கேட்டா, குடுத்தேன். நீ கேட்டயா?"

மாமா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு போய், "வருஷம் திரும்பறப்பக் குடுக்கலீன்னா புள்ள போற வழி தெரியாம நிப்பாக்கா," என்றார்.

"எங்க போகோணும்? போனவள மறுபடியும் நானே போகச் சொல்லோணுமா? பூ பூக்கட்டும். அவளே வந்து சொல்லுவா."

மாமா கிளம்பும்போது என்னைத் தெருமுனைவரை கூட்டிப்போனார். "நீயாச்சும் எடுத்துச் சொல்லு கண்ணு. நீ வகுப்புக்குப் போற புள்ள." தலையாட்டினேன். நான் சொல்ல வேண்டியது இன்னதென்று அவருக்குத் தெரியாது.

கொடிகளின் நுனியில் கொத்துக்கொத்தாக மொட்டு. இருபத்திரண்டு.

டிசம்பர் 19, வெள்ளி

முதல் பூ விரிந்தது. ஒற்றை அடுக்கு, ஐந்து இதழ், ஐம்பது பைசா காசளவு. வெள்ளை.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். நிறம் தப்பு என்று அவளாகவே கண்டுபிடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அப்படிக் கண்டுபிடித்தால் நான் சொல்ல வேண்டியிருக்காது என்றும் நினைத்தேன்.

"ஏங்கண்ணு," என்றாள் அம்மா, மெதுவாக. "ஏன் வெள்ளையக் கட்டீட்டு வந்திருக்கற?"

அன்று அம்மா வேலைக்குப் போகவில்லை. சாப்பிடவில்லை. அக்காவுக்குக் கல்யாணம் பேசி, அது கூடாமல் போய், அடுத்த மாதமே காய்ச்சல் வந்தது. அதையெல்லாம் அம்மா செடியிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி, தன் தப்பு, தன் தப்பு என்றாள். "செவப்பு உனக்கு எவ்வளவு புடிக்கும். என்ன கொற வெச்சேன்னு சொல்லீட்டாச்சும் போ."

டிசம்பர் 21, ஞாயிறு

மூன்றாவது நாளும் அம்மா வாளி அருகிலேயே இருந்தாள். ஒன்பது பூ விரிந்திருந்தது. ஒவ்வொன்று விரியும்போதும் அவள் இன்னும் கொஞ்சம் சுருங்குவதுபோல் எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறந்தால் அம்மாவிடமிருந்து அக்காவை இன்னொருமுறை பிடுங்க வேண்டும். திறக்காவிட்டால் இந்த வெள்ளைப் பூக்கள் அம்மாவைத் தின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அது அக்கா இல்லம்மா."

முடிச்சைச் சொன்னேன். ஏழு இலையைச் சொன்னேன். அம்பு ஸ்டிக்கர் ஒட்டியதை, வெட்டியதை, சிவப்புத் தளிர்க்கண்ணைப் பார்த்ததை, குப்பை வண்டியில் போட்டதைச் சொன்னேன். செப்டம்பரிலேயே தெரியும் என்பதையும் சொன்னேன். என் குரல் வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற குரல்போல இருந்தது. வேறு குரல் வரவில்லை.

"அக்கா வெள்ள கட்டலம்மா. அக்கா ஒண்ணும் கேக்கல. இது வேருக்காக வெச்ச காட்டுச் செடி."

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப என்ர புள்ள கோவமா இல்லியா?"

"இல்லம்மா."

"அவ வரவே இல்லியா?"

நான் முடிச்சு இருந்த இடத்தைப் பார்த்தேன். அதற்குள் அம்மாவே சொன்னாள், திட்டாமல், கணக்குப் பார்ப்பதுபோல: "வந்திருந்தா மேல இருந்த குச்சியிலதா வந்திருப்பா."

"அம்மா..."

"செவப்பா ஒரு கண்ணு இருந்துச்சுன்னயே."

அம்மா எழுந்து முகம் கழுவினாள். என் போனை வாங்கி மாமாவைக் கூப்பிட்டு, "தேதி பாருடா," என்றாள். பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி நின்றபடியே குடித்தாள். இதற்காகத்தான் சொன்னேன். இது நடந்துவிட்டது. ஆனால் அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு வாசலுக்குப் போனாள். எப்போதும்போல் குத்தவைத்து உட்காராமல், சற்றுத் தள்ளி, அடுத்த வீட்டு வாசலில் நிற்கிறவள்போல நின்றாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"ஆறு மாசமா என்ர புள்ள கதையெல்லாம் கேட்டுட்டு இருந்தீங்க. கேக்கறதுக்கெல்லாம் ம்னு சொன்னீங்க. நீங்க யாருங்க?"

தெருவில் தறிச் சத்தம்கூட இல்லை, ஞாயிறு லீவு. காற்று இல்லை. கொத்தில் ஒரு பூ மட்டும் அசைந்தது, அல்லது அசைந்ததாக நான் நினைத்தேன். உள்ளே போகலாம் என்று அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"இருடி," என்றாள் அம்மா. "சொல்லட்டும்."