பல்செட்காரர் பிடித்த சி கார்டு

பல்செட் செய்பவர் கிட்டாரில் சி கார்டைத் தப்பாகப் பிடித்த முதல் நாளே, பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் அவர் மனைவிக்குக் கடைசி வார்த்தை வராமல் போயிற்று. "ஏழாம் நம்பர் பஸ் வந்து நிற்கும் மேடை" என்று மைக்கில் சொன்னாள். "நாலு" என்பது வரவில்லை. இருபது பேர் மூட்டைமுடிச்சோடு எல்லா மேடைக்கும் ஓடினார்கள்.

சி கார்டு என்கிற சுரக்கூட்டு ஒன்றும் மலையைப் புரட்டும் காரியமில்லை. மூன்று விரலால் மூன்று தந்தியை அழுத்திவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டால் போதும். தொடாமல் விடுவதுதான் அந்த மனிதருக்குப் பிறவியிலேயே வராது. சுட்டுவிரலைப் படுக்கப் போட்டு, பக்கத்திலிருந்த மெல்லிய தந்தியையும் சேர்த்து அமுக்கினார். அது ஊமையான ஒவ்வொரு தடவையும் மனைவிக்கு ஒரு வார்த்தை குறைந்தது.

"என்னங்க, அந்த விரலைக் கொஞ்சம்..." என்றாள் ஒருநாள். மீதி வரவில்லை.

"கொஞ்சம் என்ன, நிறையவே வாசிப்பேன்" என்றார் மகானுபாவர்.

கிட்டார் வாத்தியாரிடம் ஒரே ஒருமுறை போனார். அதுவும் பாடம் கேட்க இல்லை. தாடைக்கு அச்சு எடுப்பதுபோல, கார்டு பிடித்த வாத்தியாரின் கையை மாவில் அச்செடுத்து வந்தார். தன் விரல் அதற்குள் நுழையவில்லை என்றதும் விரலைத் திருத்தினாரா? அச்சைச் சுரண்டினார். வாயில் உட்காராத பல்செட்டை அப்படித்தானே சரிசெய்வார். ஒரு வாரத்தில் அச்சு அவருடைய தப்புக்கு அளவெடுத்துச் செய்ததுபோல ஆயிற்று. அதற்குள் கையை நுழைத்து இரண்டு வருஷம் பயிற்சி செய்தார்.

அதற்குள் மனைவி முழு ஊமையாகிவிட்டாள். பதினாறு வருஷம் பார்த்த வேலை போய், பார்சல் அறையில் சீட்டு ஒட்ட உட்காரவைத்தார்கள். நிலைய மேலாளர் மாறுதல் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் 'கணவரின் கிட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பல்செட்காரருக்கு விஷயமே தெரியாது. "இப்பதான் வீடு அமைதியா இருக்கு, பிராக்டிஸுக்கு நல்லது" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்படியும் ஒரு ஜென்மம்.

மைக் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியான இடைவேளையில் வீட்டுக்கு வந்து கிட்டாரை எடுத்தாள். நகத்தை ஒட்ட வெட்டினாள். அதே சி கார்டுக்கு விரல்களை வளைத்து நுனியால் அழுத்தினாள். நுனி கன்றியது, தோல் உரிந்தது, பிறகு காய்த்தது. பதினேழாம் நாள் எல்லாத் தந்திகளும் சுத்தமாக ஒலித்தன. "அப்பாடா" என்றாள். அது தன் குரல்தான் என்று தெரிந்து, சுவரில் சாய்ந்து அழுதாள். மறுநாளே மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். "சரியாயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார் மேலாளர்.

கணவர் இதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். கிட்டாரை அவள் கையில் பார்த்தவர், தான்தான் கற்றுக்கொடுத்ததாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்தார்.

வியாழக்கிழமை காலை, நிலையத்தின் ஒலிபெருக்கியில் அவள் குரல் கடைத்தெரு முழுக்கக் கேட்டது. "ஒன்பதாம் நம்பர் பஸ், மேடை ஒன்று. பல்செட்காரரோட மனைவி இதுல போறா. கிட்டாரையும் எடுத்துட்டுப் போறா. திரும்பி வரமாட்டா. யாரும் தேடி வர வேண்டாம்."

பல்செட்காரர் அப்போது ஒருவர் வாயில் மெழுகை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "கடைசி எழுத்து வரைக்கும் எவ்வளவு சுத்தம் பார்த்தீங்களா! எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது" என்றார்.

வாய் நிறைய மெழுகோடு இருந்தவர் கண்ணை மட்டும் உருட்டினார். "அசையாதீங்க" என்று அதட்டிவிட்டு, பல்செட்காரர் இன்னும் கொஞ்சம் அமுக்கினார்.