எதில் எடுத்து வைப்பது?

அந்த ஸ்கேன் சென்டரில் படம் பார்த்துச் சொல்பவள் நாத்தனார். எடுத்த படங்கள் தொலையாமல் பார்த்துக்கொள்பவள் அண்ணி. பக்கத்துத் தெரு கிளினிக்கில் கம்ப்யூட்டர் படுத்து எல்லாம் போயிற்று என்று கேள்விப்பட்டதும், டாக்டர் நாத்தனார் தன் கைப்பையிலிருந்து ஒரு கொத்து பென் டிரைவை மேஜையில் கொட்டினாள். எல்லாம் கருத்தரங்குகளில் சும்மா கொடுத்தவை. ஒன்று பல் வடிவில் இருந்தது.

"இதுல காப்பி எடுத்து வைங்க அண்ணி. எல்லாம் புதுசு."

"புதுசுதான். நம்பலாமான்னு பாக்கணுமே."

அண்ணி வாதாடவில்லை. ஒரே தொகுப்புப் படங்களைப் பென் டிரைவ்களிலும், டிவிடிகளிலும், இரண்டு ஹார்டு டிஸ்க்குகளிலும் ஏற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தாள். பல், உள்ளிருப்பதை அழித்துத் தன்னை ஃபார்மட் செய்யச் சொன்னது. இன்னொன்று பாதிப் படத்தில் மூச்சை விட்டது. டிவிடி எழுதிய பழைய லேப்டாப் இடையில் கண்ணை மூடிவிட்டது. புதியவற்றில் டிவிடி போட இடமே இல்லை. ஹார்டு டிஸ்க்குகள் மட்டும் ஒரு படம் குறையாமல் திருப்பிக் கொடுத்தன.

"அப்ப டிஸ்க்குதான். ஒண்ணு போதுமில்ல அண்ணி?"

"ரெண்டு. அதுவும் வேற வேற கம்பெனி. ஒரே நாள்ல செஞ்சதுன்னா ஒரே நாள்ல படுத்துக்கும். ஒண்ணு இங்க, ஒண்ணு என் வீட்டு பீரோவுல."

"நகைக்குப் பக்கத்துலயா?"

"நகையைத்தான் கொஞ்சம் தள்ளி வைக்கணும்."

அதன்பின் வாரம் தவறாமல் இரண்டிலும் காப்பி எடுத்தாள். எடுத்ததில் நாலைந்து படங்களைத் திறந்தும் பார்த்தாள்.

ஒரு காலையில் கூரைக்குள் குழாய் வெடித்தது. கம்ப்யூட்டரும் பக்கத்திலிருந்த டிஸ்க்கும் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. வெளியே, நுரையீரலில் நிழல் தெரிந்த புதிய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருந்தார். போன வருடம் இங்கே எடுத்த படம் இல்லாமல் அது வளர்ந்ததா என்று சொல்ல முடியாது. டாக்டர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவரைக் கொஞ்சம் உக்காரச் சொல்லு. போன கையோட வந்துடறேன்" என்று அண்ணி வண்டிச் சாவியை எடுத்தாள்.

வீட்டு டிஸ்க்கை லேப்டாப்பில் சொருகியதும் பழைய படம் வந்தது. டாக்டர் அதையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து நிதானமாகப் பார்த்தாள்.

"வளரவே இல்லைங்க. அப்படியேதான் இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போனார். டாக்டர் நாற்காலியை அண்ணி பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அடுத்த வாரம் காப்பி நான் எடுக்கறேன். எப்படின்னு காட்டிக் குடுங்க."

"இப்பவே உக்காரு" என்றாள் அண்ணி.