வேர்க்கடலை படாத வாணலி

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் அவளைச் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று வயதில் யாரோ கொடுத்த வேர்க்கடலை மிட்டாயைக் கடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆம்புலன்ஸில் போய்ப் பிழைத்து வந்தவள். அதன்பிறகு நான்கு வருடமாக அந்தக் குடும்பம் வெளியே எங்கும் சாப்பிட்டதில்லை. கல்யாணத்துக்குப் போனாலும் மூவருக்கும் வீட்டுச் சாப்பாடு டப்பாவில் கூடவே போகும். அம்மாவின் கைப்பையில் அவசர ஊசி எப்போதும் இருக்கும்.

அவர்கள் குடியிருந்த மாடிக்கு நேர் கீழே சீன நூடுல்ஸ் கடை திறந்தது வினையாகப் போயிற்று. பள்ளி விட்டு வரும்போதெல்லாம் சுண்டெலி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள். உள்ளே கடைக்கார அம்மாள் மாவை இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருப்பார்.

"ஒரே ஒரு தடவைம்மா."

"வீட்லயே செஞ்சு தரேன்."

"நீ செஞ்சா கொழகொழன்னு இருக்கு."

அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போய்க் கேட்டுத்தான் பாரேன்" என்றார்.

அம்மா ஒரு மதியம், கடை ஓய்ந்திருந்த நேரம் பார்த்துத் தனியாகப் போய்க் கேட்டாள். கடைக்கார அம்மாள் உடனே தலையை ஆட்டினார். "இப்ப குடுக்க மாட்டேன். இங்க பாதி அயிட்டத்துல வேர்க்கடலை இருக்கு. எண்ணெயும் அதான்."

அப்பாடா, மகளிடம் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது என்று அம்மா திரும்பினாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"சனிக்கிழமை காலைல மொத்த அடுப்படியையும் கழுவி விடுவோம். பத்து மணிக்கு வாங்க. கடை தொறக்கறதுக்கு முன்னாடி உங்க பொண்ணுக்குச் செஞ்சு தரேன்."

சனிக்கிழமை மூவரும் போனார்கள். கடைக்கார அம்மாள் அம்மாவை அடுப்பங்கரைக்கே அழைத்துப்போனார். மூடி பிரிக்காத சூரியகாந்தி எண்ணெய் பாட்டிலைக் கண்ணெதிரே திறந்தார். சாஸ் புட்டியைக் கையில் கொடுத்தார். பொடி எழுத்தை அம்மா இரண்டு முறை படித்தாள்.

"வாணலி புதுசு. நேத்து இதே எண்ணெய்ல இன்னொரு புது பாட்டில் பிரிச்சு, காய்ச்சிப் பழக்கி வெச்சேன். வேற எதுவும் இதுல படல."

மூன்று கிண்ணம் வந்தது. சுண்டெலி உறிஞ்சிய சத்தம் கடை முழுக்கக் கேட்டது. அம்மா தன் கிண்ணத்தைத் தொடவில்லை. மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி சாப்பிட்டபோது சுண்டெலி இருமினாள். முகம் சிவந்தது. கண்ணில் நீர் கொட்டியது. அப்பா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அம்மாவின் கையில் ஊசி வந்துவிட்டது. கடைக்கார அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார்.

"நாக்கைக் காட்டு. தொண்டை அடைக்குதா? பேசு, பேசு" என்றாள் அம்மா.

சுண்டெலி ஒரு தம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்து முடித்தாள். "காரம்மா. அப்பா கிண்ணத்துலேர்ந்து அந்தச் செவப்பை எடுத்துத் தின்னுட்டேன்."

மிளகாய். அப்பா கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டது.

அம்மா சட்டைக் கையை ஏற்றித் தடிப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். மூச்சைக் காது வைத்துக் கேட்டாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி. சிவப்பு வடிந்தது. ஒன்றும் இல்லை. ஊசியைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப்போயிருந்தன; அப்பாதான் ஒவ்வொன்றாக விடுவித்தார். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள்.

"எனக்கு உயிரே போயிடுச்சு" என்று கடைக்கார அம்மாள் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றாள் சுண்டெலி.

கடைக்கார அம்மாள் எழுந்து, ஆறி ஒட்டிக்கிடந்த அம்மாவின் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு கிண்ணம் புதிதாக வந்தது. வேறொருவர் சமைத்து முன்னால் வைத்ததை ஆவி பறக்கச் சாப்பிட்டு அம்மாவுக்கு நான்கு வருடம் ஆகியிருந்தது. உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ஆனாலும் அவள் கிண்ணத்தைச் சாய்த்து அடியில் இருந்த சாற்றையும் குடித்தாள்.