பாக்கெட் இல்லாத சட்டை

செங்காட்டுப்பாளையத்துக்கு வசந்தம் வருடத்துக்கு ஒரு தடவை, பங்குனி மூன்றாம் தேதி காலை ஆறு நாற்பதுக்கு வந்து சேரும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய சந்தைத் தெருவில் பன்னிரண்டு நாள் நிற்கும். பதினான்காம் தேதி மாலை ஆறு பத்துக்குப் புறப்பட்டுவிடும். மற்ற தெருக்களில் அப்போதும் வெயில்தான். பெண்களும் குழந்தைகளும் எதை உடுத்திக்கொண்டும் வசந்தத்துக்குள் போகலாம். ஆண்களுக்கு மட்டும் கேஷுவல் உடை கட்டாயம். வேட்டி கட்டுகிறவர்கள் தை மாதமே வேறு வாசல் வழியாகப் போயிருக்க வேண்டும்.

இதில் யாருக்கும் குறை கிடையாது. சில கோயில்களில் சட்டையைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போகிறோம்.

சென்னியப்பன் அந்த பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். வண்டி வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. இருபத்தாறு வருடமாக இதே வேலை. வசந்தத்துக்கும் அதே புத்தகம்தான். ‘வழி’ என்கிற கட்டத்தில் மட்டும் ஒரு கோடு போட்டுவிடுவார், ஏனென்றால் அது எந்த வழியாக எந்த ஊருக்குப் போகிறது என்று யாரும் எழுதித் தரவில்லை. வசந்தத்துக்கு ஓர் ஓட்டுநர் உண்டு. டைம் கீப்பர் கையெழுத்துப் போடாமல் அவர் எஞ்சினைக் கிளப்ப மாட்டார்.

நான்கு வருடத்துக்கு முந்தைய பங்குனி மூன்றாம் தேதி, சென்னியப்பனின் மனைவி ரேணுகா தன் ரோஸ் நிறச் சுங்குடிச் சேலையைத் துவைத்து மொட்டை மாடிக் கொடியில் போட்டாள். “ஒரு எட்டு வசந்தத்தைப் பாத்துட்டு வந்தர்றனுங்க. சேலை காயறதுக்குள்ள வந்துருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். ரேணுகா சொன்ன சொல் தவறாதவள். அதனால் அந்தச் சேலை இன்றுவரை காயவில்லை. சென்னியப்பன் தினமும் வேலை முடிந்து வந்ததும் மாடிக்குப் போய் அதைத் தொட்டுப் பார்ப்பார். சித்திரை அக்னியிலும் ஈரமாகவே இருக்கும். தொட்ட கையைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுக் கீழே இறங்கிச் சோறு வடிப்பார்.

அன்றைக்குச் சாயங்காலமே அவர் அவளைக் கூப்பிடப் போனார். தெருமுனையில் கயிறு கட்டி, மேசை போட்டு, மாராத்தாள் என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடி, எதிரில் ஒரு நோட்டு, சிவப்பு மைப் பேனா. வசந்தத்தோடு வந்து வசந்தத்தோடு போகிறவள் அவள். சென்னியப்பனை மேலும் கீழும் பார்த்தாள். வானநீல முழுக்கைச் சட்டை, இன் பண்ணிய கறுப்பு பேன்ட், சட்டைப் பையில் பேனா.

“ஆகாதுங்க தம்பி” என்றாள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம், பூத்துக் கொட்டிக்கொண்டிருந்த வேப்பமரத்தடியில் ரேணுகா நின்றாள். “ஏனுங்க, சட்டைய மாத்திட்டு வாங்க. நான் இங்கயேதான் நிக்கறேன்” என்றாள்.

வீட்டுக்கு ஓடி பீரோவைத் திறந்தார். ஏழு சட்டை இருந்தது. ஏழும் வானநீலம், முழுக்கை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றையும் பிரித்து, உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏழையும் பார்த்து முடிப்பதற்குள் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. பஸ் நிலையத்துக்கு வந்தபோது ஓட்டுநர் புத்தகத்தை நீட்டியபடி நின்றார். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சென்னியப்பன் சொல்லியிருக்கலாம். ஆனால் பேனா பையில் இருக்கிறது, அது ஓட்டுநருக்கும் தெரிகிறது. இருக்கிற பேனாவை வைத்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. 6.10 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வசந்தம் ரேணுகாவோடு புறப்பட்டுப் போனது.

அடுத்த வருடம் பூப்போட்ட சட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். வசந்தம் என்றால் பூதானே என்று அவருக்கு நினைப்பு. மாராத்தாள் பூக்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். “பூவெல்லாம் உள்ளயே இருக்குதுங்க. வெளிய இருந்து கொண்டாரக் கூடாது” என்றாள். எண்ணி முடிக்கவே ஒன்பது நாள் பிடித்தது.

மூன்றாவது வருடம் பூ இல்லாத, அடக்கமான சட்டை. துவைத்தால் சுருங்கும் என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்திருந்தார். நம் ஆட்கள் அப்படித்தானே எடுப்பார்கள். மாராத்தாள் இடுப்புப் பக்கம் துணியை இழுத்துப் பார்த்து, “இதுல இன்னொரு ஆளுக்கு எடமிருக்குதே. அவரு எங்க?” என்று கேட்டாள். இன்னொரு ஆள் வரட்டும் என்று அவரை ஓரமாக உட்கார வைத்தாள். யாரும் வரவில்லை.

நான்காவது வருடம் சைஸ் சரி, நிறம் சரி. மேசை முன்னால் போய் நின்றபோதுதான் குனிந்து பார்த்தார். அவருக்கே தெரியாமல் அவர் கை சட்டையை இன் பண்ணியிருந்தது. வெளியே இழுத்துவிட்டாலும் மறுபடியும் உள்ளே செருகியது.

ஒவ்வொரு வருடமும் மிச்ச நாளெல்லாம் டைம் கீப்பர் கூண்டின் பின்பக்கச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். தூரத்தில் ரேணுகா புங்கமர நிழலில் நடந்துபோவாள். சில சமயம் திரும்பிக் கையாட்டுவாள். அவரும் ஆட்டுவார். அவருக்கு வசந்தம் வேண்டாம், பூ வேண்டாம், காற்று வேண்டாம். அவள் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு நல்ல சட்டை தேவைப்பட்டது.

ஐந்தாவது வருடம் மாசி மாதமே கிளம்பிவிட்டார். பனியன் கம்பெனிகளில் ஏற்றுமதிக்குப் போய் மிஞ்சிய துணி விற்கிற கடை ஒன்று தண்ணீர் டேங்க் பக்கத்தில் இருந்தது. கடையைப் பார்த்துக்கொண்டது நஸீமா என்ற பெண். முப்பது வயது இருக்கும். அளவு நாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருந்தாள்.

“என்னங்கண்ணா, சட்டை எடுக்க வந்தீங்களா, கோர்ட்ல சாட்சி சொல்ல வந்தீங்களா? இப்பிடி வெறைப்பா நிக்கறீங்க.”

“வசந்தத்துக்குள்ள போகோணும்” என்றார் சென்னியப்பன்.

“உள்ள யாரு?”

“வீட்ல.”

நஸீமா அதற்கு மேல் கேட்கவில்லை. ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் போட்டாள். வேப்பங்கொழுந்தின் நிறம். அரைக்கை, மெல்லிய பருத்தி.

“இது வெளிநாட்டு வசந்தத்துக்குன்னு தைச்சதுங்கண்ணா. அந்த வருசம் அங்க வசந்தம் வரலை. ஆர்டர் கேன்சல். ரெண்டு வருசமா மடிச்சே கெடக்குது, பாவம். அதான் வெலை கம்மி.”

கையைக் கடிக்காத விலைதான். சென்னியப்பன் சட்டையைத் தடவிப் பார்த்தார். போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாமல் மடித்துக் கிடந்த சட்டை. அவருக்கு அது உடனே பிடித்துப்போனது. ஆனாலும் பழக்கதோஷம் விடுமா? “ஒரு சைஸ் பெருசா...” என்று ஆரம்பித்தார். நஸீமா ஒரு பார்வை பார்த்தாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

பிறகு இடது மார்பில் கையை வைத்துத் தேடினார். “இதுல பாக்கெட் இல்லீங்களே. பேனா எங்க வெக்கறது?”

“வசந்தத்துக்குள்ள பேனா எதுக்குங்கண்ணா?”

நியாயமான கேள்வி. இருந்தாலும் பாக்கெட் இல்லாத சட்டை அவருக்குக் கதவில்லாத வீடு மாதிரி இருந்தது. இரண்டு தடவை மடித்து வைத்தார், இரண்டு தடவை பிரித்தார்.

போட்டுப் பார்க்கும் அறைக்குள் போய்விட்டு வெளியே வந்தார். இன் பண்ணியிருந்தார். நஸீமா தலையில் அடித்துக்கொண்டாள். திரும்பப் போய் வந்தார். மறுபடியும் இன். மூன்றாவது தடவையும் அப்படியே வந்து நின்றபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது. “கை கேக்க மாட்டேங்குதும்மா” என்றார்.

“கைய விடுங்கண்ணா. சட்டை பாத்துக்கும்” என்றாள் நஸீமா. அந்தச் சட்டையின் கீழ் விளிம்பு நேராக, குட்டையாக வெட்டப்பட்டிருந்தது. நாலடி நடந்ததும் அது தானாகவே பேன்ட்டிலிருந்து வெளியே வந்து, இடுப்புக்குக் கீழே காற்றாட நின்றது. சென்னியப்பன் கண்ணாடியைப் பார்த்தார். கடை எங்கும் நடந்து பார்த்தார். சட்டை உள்ளே போகவே இல்லை.

பேன்ட்டுக்கு பிஸ்கட் நிறத்தில் பருத்தி. கணுக்காலுக்கு ஒரு விரல் மேலேயே நின்றுவிட்டது. வாய்க்கால் தாண்டப் போகிறவன் மாதிரி இருக்கிறதே என்று தயங்கினார். அதுதான் இப்போது ஸ்டைல் என்று நஸீமா அடித்துச் சொன்னாள். காலுக்குக் கேன்வாஸ் ஷூ, சாக்ஸ் கிடையாது. பையில் போட்டுக் கொடுக்கும்போது, “போயிட்டு வாங்கண்ணா” என்றவள் கொஞ்சம் யோசித்து, “இல்ல, போயிருங்க” என்றாள்.

பங்குனி மூன்றாம் தேதி விடியும் முன்பே குளித்து உடுத்திக்கொண்டார். மாடிக்குப் போய்ச் சேலையைத் தொட்டார். ஈரம். கூண்டுக்கு வந்து உட்கார்ந்தார். ஆறு நாற்பதுக்கு வசந்தம் வந்தது. வந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிப் பழக்கப்படி மார்புக்குக் கொண்டுபோனார். பாக்கெட் இல்லை. பேனாவைப் புத்தகத்தின் மேலேயே வைத்துவிட்டு, கூண்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து டீக்கடை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

மாராத்தாள் எழுந்து நின்று பார்த்தாள். இதுவரை அவள் எழுந்ததில்லை. நிறத்தைப் பார்த்தாள். இடுப்பில் இழுத்துப் பார்த்தாள், இன்னொரு ஆளுக்கு இடமில்லை. கணுக்காலைப் பார்த்துத் தலையாட்டினாள். கடைசியாகக் காலரைத் திருப்பினாள்.

“மஞ்ச வெக்கலீங்களே தம்பி.”

புதுத் துணிக்கு ஓரத்தில் மஞ்சள் வைத்துத்தான் உடுத்துவது வழக்கம். சென்னியப்பனுக்கும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவர் சட்டைக்கெல்லாம் வைத்தது ரேணுகா.

“மஞ்ச வெக்காத துணி இன்னும் கடையோடதுங்க. கடைய உள்ள விட முடியாது” என்றாள் மாராத்தாள். “வீட்ல யாராச்சும் வெச்சு உடச் சொல்லுங்க.”

“வீட்ல உள்ள இருக்குதுங்க” என்றார் சென்னியப்பன்.

மாராத்தாள் நோட்டைப் புரட்டினாள். உள்ளே இருப்பவர் வெளியே வரக் கூடாது என்றுதான் இருந்தது. கையை நீட்டக் கூடாது என்று எங்கும் இல்லை. “ஏனம்மிணி ரேணுகா” என்று கூப்பிட்டாள்.

ரேணுகா வந்தாள். உள்ளங்கையில் குழைத்த மஞ்சள் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நாலு வருடமாகக் குழைத்தே வைத்திருந்தாளாம்.

“இதானுங்களா ஒரு சட்டை மாத்திட்டு வர்ற நேரம்?” என்றாள்.

“ஏழு சட்டையும் பாக்கோணுமில்ல” என்றார்.

கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி, அவர் காலரைத் திருப்பி உள்பக்கம் ஒரு பொட்டு வைத்தாள். விரல் பின்கழுத்தில் பட்டது. நாலு வருடமாக அவரை யாரும் தொட்டதில்லை. சலூன்காரரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சென்னியப்பன் அழுதார். மாராத்தாள் சிவப்பு மையில் அவர் பெயரை எழுதிக்கொண்டு கயிற்றைத் தூக்கினாள்.

பன்னிரண்டு நாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் காலையும் மாலையும் தெருவின் அந்தக் கோடிவரை நடப்பாள். அவரும் கூடவே நடந்தார். தலையில் உதிர்ந்த பூவை அவள் தட்டிவிட்டாள், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டை எப்படி என்று ஒரு தடவை கேட்டார். “நல்லாருக்குதுங்க, எளசாத் தெரியறீங்க” என்றாள். அதைத் திரும்பச் சொல்லச் சொல்லி இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். மாலை ஆறு மணியானால் மட்டும் அவர் கை தன்னால் மேலே போகும், கொடியில் கிடக்கும் சேலையைத் தொடுகிற மாதிரி. ரேணுகா அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வாள்.

பதினான்காம் தேதி மாலை ஆறு ஐந்துக்கு ஓட்டுநர் வந்தார். டீக்கடை ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கூண்டைத் திறந்து, புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். புத்தகம்தான் அவர் பொறுப்பு. பேனா டைம் கீப்பர் பொறுப்பு, அதனால் அதைத் தொடவில்லை.

“கையெழுத்துங்க” என்றார்.

சென்னியப்பன் மார்பைத் தொட்டார். தடவினார். வேப்பங்கொழுந்து நிறத் துணியும் அதற்குள் நெஞ்சும்தான் இருந்தன.

“பேனா இல்லீங்க” என்றார். அது உண்மை என்பதால் சொல்லச் சிரமமாக இல்லை.

மாராத்தாளின் சிவப்பு மை உள்ளே வருகிறவர்களை எழுத மட்டும்தான். ஓட்டுநர் புத்தகத்தை மூடினார். பிறகு போய், எஞ்சினைக் கிளப்பாமல், இருக்கையிலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

பஸ் நிலையத்தில் கோடை வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வந்த நேரத்தை எழுத அங்கே ஆள் இல்லை. எழுதாததால் அது இன்னும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் ஹாரனை நிறுத்தியது.

மணி ஆறு பத்தைத் தாண்டியது. ரேணுகா எழுந்து சேலையில் ஒட்டியிருந்த பூவை உதறினாள். நடந்துவரலாம் என்று அவரைக் கூப்பிட்டாள். தெருவின் பாதியில் ஞாபகம் வந்தவளாக நின்றாள்.

“ஏனுங்க, கொடியில போட்ட சேலை காஞ்சிருச்சுங்களா?”

“இல்ல. வர்றப்பத் தொட்டுப் பாத்தேன். ஈரமாத்தான் இருந்துது.”

“அப்ப நேரம் இருக்குதுங்க” என்றாள் ரேணுகா. இருவரும் அந்தக் கோடியை நோக்கி நடந்தார்கள்.