ஜெயிச்சாருன்னா உட்காரு, தோத்தாருன்னா இறங்கு

பேத்துப்பாறையில் பிக்கப் வண்டி வந்து நின்றபோது இன்னும் விடியவில்லை. ஒன்பது பெண்கள் தூக்குவாளியும் களைக்கொத்துமாகக் குளிரில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். தலையில் மஃப்ளர், சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை.

“வெரசா ஏறுங்கக்கா, வெரசா” என்றான் ராஜேஷ்குமார். வண்டி அவனுடையது. தவணையில் எடுத்தது. கூட்டிப் போகும் ஆட்களைத் தலை எண்ணி, தோட்டக்காரர்கள் கொடுக்கும் வாடகையில் தவணை ஓடிக்கொண்டிருந்தது.

அவனுக்குப் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். புதுசாகக் கவர் போட்ட சீட். சேற்றுச் சேலையோடு யாரையும் அதில் அவன் உட்கார விடுவதில்லை. பெண்கள் பின்னால், உரமூட்டைகளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள்.

அன்றைக்கு எல்லாருக்குமே அவசரம்தான். பூண்டியில் பொன்னுவேல் தோட்டத்தில் வெள்ளைப்பூண்டு பிடுங்கும் வேலை. முற்றிய பூண்டு, சாயங்காலம் மழை வரும் என்கிறார்கள். முந்தின நாள் கிளம்பும்போதே பொன்னுவேல் சொல்லிவிட்டார். “நாளைக்கு எட்டு மணிக்கு ஆளு நிக்கலேன்னா வடக்கத்திப் பசங்கள எறக்கிருவேன். அப்புறம் இந்த வாரம் பூரா அவனுகதான். என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

ஒரு வாரத்து வேலை. அடுத்த தோட்டத்தில் கேரட் எடுக்க இன்னும் நாள் கிடந்தது.

பூம்பாறை தாண்டியதும் ராஜேஷ்குமார் போனில் ஒரு யூடியூப் சேனலைப் போட்டான். மதுரை பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் மைக்கை நீட்டிப் போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “நம்ம பிரதமர் ஜெயிச்சாரா, தோத்தாரா?” உடைந்த பின் கண்ணாடி வழியாகச் சத்தம் நன்றாகவே கேட்டது.

“தோத்தாரு!” என்று பின்னாலிருந்து பதில் சொன்னாள் சிவபாக்கியம். அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. ஆள் சேர்ப்பதும் கூலி பேசுவதும் அவள் வாய்தான். “சிலிண்டரு குடுத்தாரு. இப்ப அது மேல தண்ணிக்கொடத்த வச்சிருக்கேன். நல்ல ஒசரமா இருக்கு.”

“வாய் இருக்குன்னு பேசாத” என்றாள் காளியாயி. ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். “மழ பெஞ்சா சட்டிய வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள ஒக்காந்திருப்பேன். இன்னைக்குத் தளம் போட்ட வீட்டுல தூங்குறேன். அந்த மகராசன் ஜெயிச்சாரு.”

“தளம் போட்டாரு, சரி. கதவு போட்டாராடி? சேலையத்தான கட்டித் தொங்க விட்டிருக்க!”

வண்டியே சிரித்தது. காளியாயிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள்.

“ஏலே ராஜேசு, நீ என்ன சொல்ற?” என்று கேட்டாள் சண்முகவள்ளி. கல்யாணமாகி வந்த இளம்பெண். யாரையாவது கிளப்பிவிட்டு வேடிக்கை பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

ராஜேஷ்குமார் ஸ்டியரிங்குக்கு மேல் ஒட்டியிருந்த பிரதமர் படத்தைத் தொட்டுக் காட்டினான். “இதுல என்னக்கா கேள்வி? நீங்க போற ரோட்டப் பாருங்க. எப்படி இருந்த நாடு...”

வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது. ஒன்பது பேரும் மூட்டைகளும் ஒரு முழம் மேலே போய் வந்தார்கள்.

“பாத்துட்டோம்லே!” என்றாள் சிவபாக்கியம். “இடுப்புக்கும் தெரிஞ்சுபோச்சு!”

இந்த முறை சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. கண்ணாடியில் அவன் முகம் சிவப்பது தெரிந்தது. மன்னவனூரும் கவுஞ்சியும் தாண்டி ஒரு வளைவில் வண்டி சடாரென்று நின்றது. இறங்கி வந்து பின்பக்கத் தகட்டைத் திறந்துவிட்டான்.

“ஜெயிச்சாருன்னு சொல்றவங்க ஒக்காருங்க. தோத்தாருன்னா எறங்குங்க. என் வண்டியில ஒக்காந்துக்கிட்டு என் தலைவரப் பேசக் கூடாது.”

பூண்டிக்கு இன்னும் நல்ல நடை இருந்தது. எட்டு மணி என்பது எல்லார் மனத்திலும் ஓடியது. சிவபாக்கியம் தூக்குவாளியை எடுத்தாள். குதித்தாள். பின்னாலேயே சண்முகவள்ளி.

“நீ ஒண்ணுமே சொல்லலியேடி?” என்றாள் சிவபாக்கியம்.

“இப்பச் சொல்றேன். தோத்தாரு.”

ஒவ்வொருத்தியாக எட்டுப் பேரும் இறங்கினார்கள். காளியாயி மட்டும் உரமூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க முன்னாடி வாங்கக்கா” என்று கதவைத் திறந்தான் ராஜேஷ்குமார்.

கீழே நின்றவர்களைக் காளியாயி பார்க்கவில்லை. இறங்கி வந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி புறப்பட்டது.

சீட் மெத்தென்று இருந்தது. உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள். காலடியிலிருந்து வெதுவெதுவென்று காற்று வந்தது.

“என்ன தம்பி இது?”

“ஹீட்டருக்கா.”

“இத்தன நாளா இது இருந்துச்சா?”

அவன் பாட்டுப் போட்டான். நாலைந்து வளைவு போயிருக்கும். காளியாயி திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மூட்டைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

“நிறுத்து தம்பி.”

“ஏங்கக்கா?”

“நான் ஒருத்தி போய் நின்னா மொதலாளி உனக்கு எத்தன ஆளுக்கு வாடக தருவாரு?”

அவன் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.

“அது உன் கவல. என் கவல வேற. நாள் பூரா நான் ஒருத்தியே குனிஞ்சு கெடக்கணுமா? அந்தச் சிவபாக்கியம் இல்லாம நான் யாருகூடச் சண்ட போடுறது? திருப்பு வண்டிய.”

திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். ராஜேஷ்குமார் ரிவர்ஸ் கியரைப் போட்டு, தலையை வெளியே நீட்டி, ஹாரன் அடித்துக்கொண்டே வளைவு வளைவாகப் பின்னோக்கி இறங்கினான். காளியாயி தன் பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டி, “ஒடி, ஒடி, போதும், பள்ளம்டா!” என்று வழி சொன்னாள்.

எட்டுப் பேரும் ஒரு பாலத்துக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்திருந்தார்கள். எப்படியும் லேட்டு, பசியோடு ஏன் நடப்பது என்று சண்முகவள்ளி சொன்ன யோசனை. எதிர்ச்சரிவில் ஒரு காட்டுமாடு புல் மேய்ந்துகொண்டிருந்தது.

“அதுகிட்டக் கேளுடி, ஜெயிச்சாரா தோத்தாரான்னு” என்றாள் ஒருத்தி.

“அது புத்திசாலி. திங்கிறப்பப் பேசாது.”

அப்போதுதான் வளைவில் ஹாரன் சத்தமும், அதன் பின் வண்டியின் முதுகும் வந்தன. பின்னோக்கி ஊர்ந்து வந்த வண்டியையும், ஜன்னலில் தொங்கிய காளியாயியையும் பார்த்து எட்டுப் பேரும் கட்டையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்திக்குப் புரையேறியது.

“ஏறுங்கக்கா” என்றான் ராஜேஷ்குமார், தரையைப் பார்த்தபடி.

சிவபாக்கியம் நிதானமாகக் கை கழுவினாள். “ஏறுறோம். ஆனா எங்கள எறக்கிவிட்டேல்ல? நீயும் எறங்கணும்.”

“எங்க?”

“காட்டுல. உன்னாலதான லேட்டு. இன்னைக்கு எங்ககூட நின்னு பூண்டு பிடுங்கு. முன் சீட்டுல தினம் ஒருத்தி மாறி மாறி ஒக்காருவோம்.”

“அங்க ஹீட்டர் இருக்குடி!” என்று கத்தினாள் காளியாயி.

பொன்னுவேல் தோட்டத்து மேட்டில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வண்டியைக் கண்டதும், “எட்டு மணின்னா என்ன அர்த்தம்?” என்றார். “அவனுகள வரச் சொல்லிட்டே இருக்கேன்.”

“போன வைங்க மொதலாளி” என்றாள் சிவபாக்கியம். “மழைக்கு முன்னாடி அத்தன பூண்டும் கொட்டகைக்குள்ள இருக்கும். இந்தா, கூட ஒரு ஆளும் கொண்டாந்திருக்கோம்.”

பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்ற ராஜேஷ்குமாரைப் பார்த்ததும் பொன்னுவேலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. போனில், “அப்புறம் கூப்பிடுறேன்” என்றார்.

நாள் முழுக்க அந்தத் தோட்டத்தில் கும்மாளம்தான். கொத்தால் மண்ணை இளக்கி, பூண்டுத் தாளை அடியில் பிடித்து மெல்ல உருவ வேண்டும். ராஜேஷ்குமார் நுனியைப் பிடித்து இழுத்தான். தாள் கையோடு வந்தது, பூண்டு மண்ணுக்குள்ளேயே இருந்தது.

“தலை எங்கலே?”

“வருதுக்கா, வருது.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்லிட்டுப் போறாங்க!”

“அவரப் பேசாத!” என்று அடுத்த பாத்தியிலிருந்து காளியாயி குரல் கொடுத்தாள். மறுபடியும் ஆரம்பமாயிற்று. வீடு, சிலிண்டர், ரோடு, ரேஷன் அரிசி. சண்டை ஏற ஏறக் கையும் வேகமாக ஓடியது. பெண்கள் இரண்டு பாத்தி முடித்த நேரத்தில் அவன் அரைப் பாத்தியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். மத்தியானம் அவனுக்கு ஆளுக்கொரு கவளம் கொடுத்தார்கள். கொப்புளம் வெடித்த கையால் அவன் சாப்பிடத் தடுமாற, சண்முகவள்ளி தன் தூக்குவாளி ஸ்பூனைக் கொடுத்தாள்.

மேகம் மலையை மூடும்போது கடைசிக் கட்டும் கொட்டகைக்குள் போயிருந்தது. பெண்கள் கைதட்டிக்கொண்டார்கள். “நல்ல வேல” என்று பொன்னுவேலும் சொன்னார். “வாரம் பூரா நீங்களே வாங்க.”

கொட்டகை வாசலில் வைத்துக் கூலி கொடுத்தார். சிவபாக்கியம், காளியாயி, சண்முகவள்ளி என்று எல்லாரும் வாங்கி இடுப்புப் பையில் செருகிக்கொண்டார்கள். கடைசியாக ராஜேஷ்குமார் கையில் வைத்தார். அவன் விரித்துப் பார்த்தான்.

“மொதலாளி, இது வாடகையும் சேத்தா?”

“வாடக வாரக் கடைசியில. இது கூலி.”

“அக்காமாருக்குக் குடுத்தத விட ரொம்பக் கூட இருக்கே?”

“ஆம்பளக் கூலிடா அது” என்றார் பொன்னுவேல் சாதாரணமாக. பிறகு தோட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். “ஏத்தா, அந்த ஓரப் பாத்தியில பூண்டு மண்ணுக்குள்ளயே கெடக்கு பாரு. மழைக்கு விட்டா அழுகிரும். எடுத்துப் போட்டுட்டுப் போயிருங்க.”

அது ராஜேஷ்குமாரின் பாத்தி.

சிவபாக்கியம் அவன் கையிலிருந்த நோட்டுகளைப் பார்த்தாள். காளியாயியைப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தார்கள்.

“யாரு ஜெயிச்சான்னு தெரிஞ்சுபோச்சுடி” என்றாள் காளியாயி.

ராஜேஷ்குமார் பேன்ட்டை மடிக்கக் குனிந்தான்.

“நீ தொடாத சாமி!” என்று விரட்டினாள் சிவபாக்கியம். “நீ தொட்டா விடிஞ்சுரும். போயி ஹீட்டரப் போட்டு வை.”

அவர்கள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் இறங்கினார்கள். தூறல் விழ ஆரம்பித்தது. ஜெயிச்சாரு, தோத்தாரு என்று கீழேயிருந்து குரல்கள் வந்துகொண்டே இருந்தன. கொட்டகைக் கூரைக்கடியில் ராஜேஷ்குமார் நோட்டுகளை மடிக்காமல் பிடித்தபடி நின்றான். அவன் பாத்தியில் ஒன்பது முதுகுகள் குனிந்து, அவன் விட்டுவந்த பூண்டை ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டிருந்தன. சட்டைகள் நனைந்து ஒட்ட ஆரம்பித்திருந்தன.