கொதிநீரில் முக்காத பூ

கதவைத் திறக்காதீர்கள், மின்விசிறியைத் தொடாதீர்கள் என்று வீட்டுக்கே உத்தரவு போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எதிரே சாப்பாட்டு மேசையில் விரிந்து கிடக்கிறது போன மாதத்து நாளிதழ், அதன் நடுவில் தட்டையாகக் காய்ந்துபோன ஒரு செடி, செடியின் தலையிலிருந்து நழுவி வந்து, என் கணவர் நிரப்பாமல் விட்ட குறுக்கெழுத்துக் கட்டம் ஒன்றில் குடை விரித்து உட்கார்ந்திருக்கிறது ஒரு விதை, குடையின் மயிர் ஒவ்வொன்றும் தாமிர நிறம், வெள்ளை இல்லை, தாமிரம், நான் மூச்சு விட்டால் அது பறந்துவிடும், விடாவிட்டால் நான் விழுந்துவிடுவேன், ஐம்பத்தாறு வயதில் ஒரு விதைக்கு முன்னால் இப்படித் திருடி மாதிரி நிற்பேன் என்று யார் கண்டது, கதவுக்கு வெளியே என் கணவர் குருநாதன், இன்னும் எவ்வளவு நேரம்மா, காப்பி ஆறுது என்கிறார், பதில் சொன்னால் அதுவும் காற்றுதான்.

அந்த விதைக்கு வழி என் கணுக்காலில்தான் தொடங்கியது, மேகமலையில் ஐப்பசி மழை சற்றே விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள், விடுமுறை நாளில் மலையேறிச் செடி சேகரிக்கிற பைத்தியம், கூட வருகிறவர் சுருளியம்மா, எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர், அவருக்கும் என் வயதுதான், நான் மூச்சிரைத்து நிற்கிற ஏற்றத்தில் அவர் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஏறுவார், சாலையோரப் பாறைச் சரிவில் நின்றபோது அட்டை கடித்து என் காலில் ரத்தம் நிற்காமல் வழிந்தது, இந்தா டீச்சர், காலக் காட்டுங்க என்று பக்கத்தில் நின்ற செடியில் நாலு இலையைக் கிள்ளிக் கசக்கித் தேய்த்தார், என்ன இலைம்மா இது, என்னத்த எல, அட்டப்பூண்டும்போம், கொழுந்தெடுக்குறவுக எல்லாரும் இதத்தான் தேய்ப்போம், நான் ரத்தத்தை விட்டுவிட்டு இலையைப் பார்க்கிறேன், அடிப்புறம் முழுக்க வெள்ளைக் கம்பளி, நரம்பு மட்டும் ஊதா, உச்சியில் மஞ்சள் பூ தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது, சூரியகாந்திக் குடும்பம் என்று பார்த்ததும் தெரிகிறது, ஆனால் அந்தக் குடும்பத்தில் யார் என்று தெரியவில்லை, இருபத்தாறு வருஷப் பாடம் அத்தனையும் ஒரு நொடியில் கைவிட்டது, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இந்தக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூ அல்ல, குட்டிக் குட்டிப் பூக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்த கூட்டம், பாருங்கள் என்று லென்ஸை அவரிடம் கொடுத்தேன், ஆத்தாடி, எங்க லைன் வீடு மாதிரில்ல இருக்கு, ஒரே கூரைக்குள்ள எத்தன குடும்பம் என்றார், எண்ணினேன், முப்பத்துநாலு குடும்பம். இதே ஜாடையில் ஒரு செடி ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது, அதற்கு விதைக்குடை வெள்ளை, இது வேறு, புதிது என்று உலகத்துக்குச் சொல்ல முற்றிய விதை வேண்டும், பூவோ அன்றுதான் விரிந்திருந்தது, ஒரே ஒரு கிளையை வெட்டி நாளிதழுக்குள் வைத்துப் பலகைக்கு நடுவில் இறுக்கிக் கட்டினேன், சரிவு முழுக்க நாற்பது செடி நிற்கிறது, மூன்று வாரம் கழித்து வந்து விதை எடுத்துக்கொண்டால் போயிற்று, எங்கே ஓடிவிடப் போகிறது.

மலையிறங்கும்போதே குளிர்க்காய்ச்சல், ஜீப்பில் பல்லெல்லாம் தந்தியடிக்கிறது, வீட்டுக்கு வந்து செடிக்கட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது வரை நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு எது நடந்தது எது கனவு என்று இன்றைக்கும் பிரிக்க முடியவில்லை, முப்பத்துநாலு லைன் வீடுகள், கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போகிறேன், மஞ்சள் சட்டைக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள், விதை இருக்கிறதா என்கிறேன், இன்னும் முத்தல டீச்சர், போயிட்டு அப்புறமா வாங்க என்று கதவைச் சாத்துகிறார்கள், குருநாதன் கஞ்சிக் கிண்ணத்தோடு வருகிறார், அவர் சட்டையும் மஞ்சள்தான், நீங்களுமா என்று கேட்டேனாம், பிறகு போன் காதருகில் வருகிறது, சுருளியம்மாவின் குரல், வெட்டிப்புட்டாய்ங்க டீச்சர், நான் ரெண்டு நாளு கம்பத்துக்குப் போயிருந்தேன், கம்பெனிப் பெரியவரு வாராருன்னு ரோட்டோரம் பூராத்தையும் செதுக்கி மருந்தும் அடிச்சுப்புட்டாய்ங்க, ஒத்தச் செடி இல்ல, ஓடப்பக்கம் போயிப் பாத்தேன், மேல்காட்டுலயும் பாத்தேன், எங்கிட்டும் இல்ல, இதுவும் கனவுதான் என்று கண்ணை மூடிக்கொள்கிறேன், ஆனால் அவர் அழுகிறார், கனவில் வந்தவர்கள் யாரும் அழவில்லை, அதனால்தான் நிஜம் என்று தெரிந்தது.

மூன்றாவது வாரம் காய்ச்சல் விட்டு எழுந்த அன்று கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன், கட்டைத் தொட்டதும்தான் உறைத்தது, நான் அந்தப் பூவைக் கொதிநீரில் முக்கவே இல்லை, சூரியகாந்திக் குடும்பத்துப் பூக்கள் பிடிவாதக்காரர்கள், வெட்டினாலும் சாகாமல் தாளுக்குள்ளேயே விதையாகி வெடித்து மாதிரியைப் பஞ்சுமெத்தை ஆக்கிவிடுவார்கள், அதனால் முதலில் கொதிநீரில் ஒரு முக்கு, பிறகுதான் தாள், இதை நான் வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறேன், மறந்து வைத்த பிள்ளைகளின் தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டித் திட்டியிருக்கிறேன், இப்போது என் தாள், என் மறதி, சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறக்கிறேன், பூ வெடித்திருக்கிறது, பஞ்சு, தாமிரப் பஞ்சு, முப்பத்துநாலில் பதினொரு குடும்பம் இருட்டுக்குள் இருந்தபடியே பிழைத்து விதையாகியிருக்கிறது, நான் திட்டிய பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன், குறுக்கெழுத்துக் கட்டத்திலிருந்த முதல் விதையை ஈரத் தூரிகை நுனியில் தொட்டு எடுத்து உறைக்குள் விட்டபிறகுதான் மூச்சு வந்தது, கூடவே சிரிப்பும் அழுகையும், குருநாதன் கதவைத் திறந்தே விட்டார், யார் செத்தா என்றார், யாரும் சாகவில்லைங்க, அதுதான் விஷயம் என்றேன்.

பதினொன்றையும் அப்படியே அனுப்பிடுங்க மேடம், மண்ணுல போட்டு முளைக்கலைன்னா ஆதாரமும் போச்சு, செடியும் போச்சு என்று காய்ந்த செடி மாதிரிகளைக் காக்கிற உலர்தாவரகத்தில் பொறுப்பிலிருக்கும் சேவியர் போனில் சொன்னார், அவர் சொன்னது நியாயம், இரண்டு வாரம் உறையை மேசைமேல் வைத்துக்கொண்டு வர்ணனையை எழுதினேன், தண்டு ஒரு முழம், நிமிர்ந்தது, இலை மாறிமாறி அமைந்தது, அடிப்புறம் வெண்கம்பளி, பூக்கொத்து கவிழ்ந்தது, விதைக்குடை தாமிர நிறம், அட்டைக்கடிக்கு இலையைத் தேய்ப்பார்கள், எல்லா வரிகளும் ஓடி வந்தன, இயற்கையில் இப்போது இல்லை என்கிற வரி மட்டும் வரவில்லை, ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து அதே மூச்சில் செத்துப்போனார் என்று எப்படி எழுதுவது, மூன்று விதையைச் சேவியருக்கு அனுப்பினேன், மீதி எட்டைச் சித்திரை வரை காத்து, மழை விழுந்ததும் ரவிக்கைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு மலையேறினேன், சரிவில் மருந்தடித்த மண்ணைச் சுருளியம்மா ஏற்கெனவே ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டுக் காட்டு மண்ணைக் கொட்டி வைத்திருந்தார், ஆளுக்கு நாலு, பாறை இடுக்கு பார்த்து வைத்தோம், மொளைக்குமா டீச்சர், தெரியலைம்மா, தெரியலன்னா மொளைக்கும், எனக்கென்னவோ மொளைக்கும்னுதான் தோணுது.

ஐந்து வரவில்லை, மூன்று வந்தன, இன்று மறுபடி ஐப்பசி கழிந்த வெயில், மூன்று செடியையும் சுற்றிக் கல் அடுக்கி, இத வெட்டுனா கைய வெட்டுவேன் என்று கங்காணியிடம் சுருளியம்மா சொல்லிவைத்திருக்கிறார், நான் அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், இந்தச் செடிக்கு உங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறேன், உலகத்தில் யார் இதைப் பற்றி எழுதினாலும் உங்கள் பெயரைத்தான் எழுத வேண்டும், அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், பிறகு, எம்பேரா, வைங்க வைங்க, ஆனா ஆடு மேஞ்சா என்னைய மேஞ்சதா ஆகிருமா என்கிறார், இருவரும் பாறையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிக்கிறோம், காய்ச்சலில் நான் தட்டிய வீடுகளெல்லாம் திறந்துகொண்ட மாதிரி இருக்கிறது, செடிகள் தலை நிமிர்ந்து காய்ந்து தாமிரக் குடைகளை விரித்து நிற்கின்றன, பள்ளத்திலிருந்து காற்று ஏறி வருகிறது, ஒரு விதை கழன்று மிதந்து வந்து என் மூக்கு நுனியில் உட்காருகிறது, பழக்கதோஷம், நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், கை தானாக உறையைத் தேடுகிறது, சுருளியம்மா என் கையைப் பிடித்து இறக்கிவிடுகிறார், மூச்ச விடுங்க டீச்சர், அது போகட்டும் என்கிறார், விட்டேன்.