பெரியவர் எழுந்திருக்கவில்லை

அவள் கணவன் கப்பலேறி ஏழு மாதம் ஆகியிருந்தது. கல்யாணமாகி நாலு வருடம். அதில் இருவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் பதினாறு மாதம் தேறும். மீதியெல்லாம் கடிதத்தில் நடந்த குடித்தனம்தான்.

அவளும் அதே கப்பல் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள், ஆனால் கரையில். மூன்றாவது மாடியில், ஏசி ஓயாமல் உறுமும் ஒரு கண்ணாடி அறை. அதிலிருந்த சர்வர்களுக்கெல்லாம் அவள் பொறுப்பு. லினக்ஸ் இயங்குதளத்தில் சகல அதிகாரமும் உள்ள கணக்கை 'ரூட்' என்பார்கள். அதன் கடவுச்சொல் அவளிடம் மட்டும் இருந்ததால், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளை 'ரூட்டக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

கணவன் வேலை பார்த்த கப்பல் பழையது. அதில் இணைய வசதி கிடையாது. கேப்டனிடம் ஒரு சாட்டிலைட் போன் உண்டு, அது அவசரத்துக்கு மட்டும். மற்றபடி ஊழியர்கள் வீட்டுக்கு எழுதும் கடிதங்கள் மொத்தமாகச் செவ்வாயும் வெள்ளியும் பகல் ஒரு மணிக்குச் செயற்கைக்கோள் வழியாகக் கிளம்பும். வீட்டிலிருந்து போகும் பதில்களையும் கப்பல் அப்போதுதான் எடுத்துக்கொள்ளும். கம்பெனியின் எல்லாப் பழைய கப்பல்களுக்கும் இதே ஏற்பாடு. அந்தக் கடிதங்களைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு இறக்கிக்கொள்ளும் மென்பொருளை எழுதிய நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. பழைய இயங்குதளம் ஒன்றில் மட்டும்தான் அது ஓடும். அதற்காகவே சர்வருக்குள் ஒரு மெய்நிகர் கணினியை வைத்திருந்தார்கள். உண்மையில் அப்படி ஒரு பெட்டி கிடையாது. சர்வர் தன் உழைப்பில் ஒரு பங்கைக் கொடுத்து, தனிக் கணினி போல அதை ஓடவைக்கும். எழுந்திருக்கவே எட்டு நிமிடம் எடுத்துக்கொள்வதால் அதற்குப் 'பெரியவர்' என்று பெயர்.

கடைசியாகச் செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்தில் கணவன் இப்படி முடித்திருந்தான்: "வெள்ளிக்கிழமை உன்கிட்ட ஒண்ணு கேட்கப் போறேன். இப்ப கேட்டா அவசரப்பட்டுக் கேட்ட மாதிரி இருக்கும்."

என்ன கேட்பான் என்று அவள் மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டாள். வெள்ளிக்கிழமைக் கடிதம் வரவில்லை. கடல் கொந்தளிப்பாக இருந்தால் சில சமயம் கடிதங்கள் தாமதமாகும். அப்படித்தான் இருக்கும் என்று சனியையும் ஞாயிறையும் தள்ளினாள்.

திங்கட்கிழமை காலை அவள் கைப்பையைக் கீழே வைக்கும் முன்பே 'தபால்காரர்' வந்து நின்றார். ஊழியர் பிரிவில் வேலை பார்ப்பவர். வந்த கடிதங்களைக் குடும்பங்களுக்கு அனுப்புவதும், படிக்கத் தெரியாதவர்களுக்குப் போனில் படித்துச் சொல்வதும் அவர் வேலை.

"ரூட்டக்கா, ஒரு கப்பல்லேருந்தும் ஒரு கடுதாசி வரல. ஒரே கப்பல்னா சரி. பதினேழு கப்பலும் சேர்ந்து மௌனவிரதமா?"

அவள் சர்வரின் திரையைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, மேலாளர் சொன்னபடி, அதே சர்வரில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வேறொரு புதிய சேவையை நிறுவியவள் அவள்தான். சரக்குத் திட்டமிடும் புது மென்பொருளுக்கு அது தேவைப்பட்டது. சர்வரை மறுபடி தொடங்கினாள், புதியது ஜம்மென்று எழுந்தது. வீட்டில் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்க ஆள் வருவதாகக் கணவனின் அம்மாவான அத்தை போன் செய்ததும் கிளம்பிவிட்டாள். பெரியவர் எழுந்தாரா என்று பார்க்கவில்லை. எட்டு நிமிடம் காத்திருக்கவில்லை.

எழுந்திருக்கவில்லை. சர்வரில் நடப்பதைக் குறித்துவைக்கும் லாக் கோப்பில் அறுபத்தைந்து மணி நேரமாக ஒரே வரி திரும்பத் திரும்பப் பதிவாகியிருந்தது: செயலியின் மெய்நிகர் வசதியை வேறொரு சேவை பிடித்து வைத்திருக்கிறது.

"என்னக்கா சொல்லுது?"

"செயலின்னா ப்ராசஸர், கம்ப்யூட்டரோட மூளை. அதுல ஒரு வசதி இருக்கு. அதை ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பிடிச்சுக்க முடியும். நான் வெள்ளிக்கிழமை புதுசா ஒண்ணு போட்டேன்ல, அது சர்வர் எழும்போதே முந்திக்கிட்டுப் பிடிச்சிடுச்சு. பெரியவருக்கு இடமில்ல."

"மாப்பிள்ளை வந்து உக்காந்ததும் பெரியவரு வாசல்ல நிக்கறாரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இறக்காத கடிதங்களைச் சாட்டிலைட்காரங்க எழுபத்திரண்டு மணி நேரம்தான் வெச்சிருப்பாங்க. வெள்ளிக்கிழமை ஒரு மணி கடிதம். இன்னிக்கு ஒரு மணிக்கு அழிஞ்சிடும்."

தபால்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது மணி.

புதிய சேவையை நிறுத்திவிட்டுப் பெரியவரை எழுப்பினால் போதும். ஆனால் பதினோரு மணிக்கு முதலாளிக்குச் சரக்கு மென்பொருளைக் காட்டுவதாக இருந்தது. மேலாளர் கையைக் கூப்பாத குறையாகச் சொன்னார்: "பன்னெண்டு மணி வரைக்கும் அந்த சர்வர் பக்கம் போகாதம்மா. மூணு மாச உழைப்பு. பன்னெண்டுக்கு மேல என்ன வேணா பண்ணிக்கோ."

பன்னிரண்டு என்றால் ஒரு மணி நேரம் மிச்சமிருக்கும். சரி என்றாள். சும்மா உட்கார முடியவில்லை. மூலையில் கிடந்த பழைய கணினி ஒன்றைத் துடைத்து, அதில் இரண்டு சேவைகளையும் நிறுவி, அதே சண்டையை வேண்டுமென்றே மூட்டிப் பார்த்தாள். நல்லவேளை பார்த்தாள். புதிய சேவையை நிறுத்தினால் அது அரை நிமிடத்தில் தானாக எழுந்துகொண்டது. மறுபடி நிறுத்தினாள், மறுபடி எழுந்தது. அந்தச் சேவைக்கென்று தனியாக, வெளியிலிருந்து வரும் அழைப்பை வாங்கும் 'சாக்கெட்' ஒன்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது; கண்காணிப்பு மென்பொருள் "இருக்கிறாயா?" என்று கேட்கும்போதெல்லாம் அது சேவையைத் தட்டி எழுப்பிவிட்டது. ஆக, முதலில் சாக்கெட்டை நிறுத்த வேண்டும். பிறகு சேவை. அதன்பின் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் அந்தச் சேவை ஏற்றியிருக்கும் துணை நிரலை, அதாவது மாட்யூலை, இறக்க வேண்டும். அப்போதுதான் செயலி அதன் பிடியிலிருந்து விடுபடும். வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். நான்கு முறை ஒத்திகை பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அவன் கேட்கப்போகும் அந்த ஒன்று என்னவாக இருக்கும் என்ற நினைப்பு குறுக்கே வந்தது.

பன்னிரண்டு அடித்தது. கூட்ட அறையின் கதவு திறக்கவில்லை. பன்னிரண்டு இருபதுக்கு உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

"மன்னிக்கணும் சார். சர்வர்ல ஒரு சேவையை நிறுத்தணும். இப்பவே."

மேலாளர் முகம் சுருங்கியது. "அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுவோம்மா."

"நீங்க அஞ்சு நிமிஷம்னா அரை மணி ஆகும் சார்." சொன்ன பிறகுதான் முதலாளி எதிரில் இருப்பது அவளுக்கு உறைத்தது.

முதலாளி நாற்காலியைத் திருப்பினார். "எதுக்கும்மா இவ்ளோ அவசரம்?"

"நம்ம கப்பல்ல இருக்கறவங்க வீட்டுக்கு எழுதின கடிதம் சார். ஒரு மணிக்கு எல்லாம் அழிஞ்சிடும். தப்பு என்னோடதுதான், வெள்ளிக்கிழமை சரியாப் பார்க்காம போயிட்டேன்."

"எத்தனை கடிதம்?"

"தெரியாது சார். அதுல ஒண்ணு எனக்கு."

அதைச் சொல்ல அவள் நினைத்திருக்கவில்லை. முதலாளி மேலாளரைப் பார்த்தார். "திரையை அணைங்க. பார்த்த வரைக்கும் நல்லாத்தான் இருக்கு."

சாக்கெட், சேவை, மாட்யூல். மூன்றும் எழுதி வைத்த வரிசையில் அடங்கின. பெரியவரைத் தொடங்கினாள். வழக்கம்போல எட்டு நிமிடம். எழுந்ததும், ஐந்து மணி வரை காத்திராமல் கடிதங்களை உடனே இறக்கச் சொன்னாள். தபால்காரர் பின்னால் நின்று நகத்தைக் கடித்தார். பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்கு முதல் கடிதம் இறங்கியது. பிறகு பத்து, இருபது. ஐம்பத்து நாலாவதில் சற்று நின்று, மூச்சு வாங்கியது போல மறுபடி ஓடியது. ஒரு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது எண்பத்தாறில் நின்றது. எல்லாம் வந்துவிட்டது.

"அக்கா, உங்களுக்குக் கோயிலே கட்டலாம்" என்று தபால்காரர் தன் மேசைக்கு ஓடினார்.

அவளுடையது முப்பத்தொன்றாவது.

"நாளைக்கு மத்தியானம் நங்கூரம் போடறோம். கரையிலேருந்து ரொம்ப தூரம், போன் எடுக்காது. மாத்து ஆளா ஒரு இன்ஜினியர் படகுல வர்றார். ஊருக்குப் போக நானும் நாலாவது இன்ஜினியரும் காத்திருக்கோம், ஒருத்தர்தான் இறங்கலாம். சீனியர்ங்கறதால கேப்டன் முதல்ல என்னைக் கேட்டார். இறங்கினா அடுத்த வாரம் வீட்டுல இருப்பேன். ஆனா மூணு மாசத்துல மறுபடி கிளம்பணும். இறங்காம இன்னும் அஞ்சு மாசம் இருந்துட்டா அடுத்த பதவிக்கான பரீட்சைக்குத் தேவையான கடல் நாள் கணக்கு முடிஞ்சிடும், அப்புறம் கரையிலேயே வேலை தேடிக்கலாம். ரெண்டும் சரியாத்தான் படுது. ரெண்டும் தப்பாவும் படுது. நீ சொல்லு. வா, இல்லன்னா இரு. ஒரே வார்த்தை போதும். கேப்டன் போன் அவசரத்துக்குத்தான். இதை அவசரம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் படகு கிளம்பிடும். அதுக்குள்ள உன் பதில் வந்தா எனக்குத் தனியா எடுத்துத் தர்றதா ரேடியோக்காரர் சொல்லியிருக்கார். வரலன்னா, இருக்கச் சொல்றேன்னு எடுத்துக்கறேன்."

அவள் 'வா' என்று அடித்துவிட்டாள். அடித்த பிறகுதான் திங்கட்கிழமை என்பது மனதில் ஏறியது.

தபால்காரரின் மேசைக்குப் போனாள். "அந்தக் கப்பல்லேருந்து யார் இறங்கினாங்க?"

அவர் பட்டியலைப் பார்த்தார். "நாலாவது இன்ஜினியர். நேத்து காலையில." நிமிர்ந்தவர் அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. இனிமே எப்ப ஆள் மாத்துவாங்க?"

"அஞ்சு மாசம் ஆகும்."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். 'வா' அப்படியே திரையில் இருந்தது. அழித்தாள். நான் இருக்கச் சொல்லித்தான் பேசாமல் இருந்தேன் என்று எழுதிவிடலாம். அவன் நிம்மதியாகப் பரீட்சைக்குப் படிப்பான். நாலு வரி எழுதியும் பார்த்தாள். படித்தால் யாரோ எழுதியது போல இருந்தது. வெள்ளிக்கிழமை மூன்றரை மணியில் ஆரம்பித்து, சேவை, சண்டை, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் எழுதினாள். கடைசியில் எழுதினாள்: "உன் கடிதம் வந்திருந்தா வான்னுதான் சொல்லியிருப்பேன். யோசிச்சிருக்கவே மாட்டேன். பரீட்சை கிரீட்சை எதுவும் ஞாபகத்துக்கு வந்திருக்காது. இதைச் சொல்லக் கூடாதுன்னு தோணுது. சொல்லாம இருக்கவும் முடியல."

அனுப்பினாள். செவ்வாய்க்கிழமைதான் கப்பலுக்குப் போகும்.

அந்த வாரம் முழுக்க அவள் வேலையில் மூழ்கினாள். பெரியவரின் வட்டுக் கோப்பைப் புதிய சேவைக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றி, இருவரும் ஒரே சேவையின் கீழ் ஓடும்படி செய்தாள். பிடிவாதமான பழைய நெட்வொர்க் கார்டு அமைப்பு இரண்டு நாளை விழுங்கியது. வியாழக்கிழமை சர்வரை ஆறு முறை மறுபடி தொடங்கி, ஆறு முறையும் எட்டு நிமிடம் முழுதாக உட்கார்ந்து பார்த்தாள். ஆறு முறையும் இருவரும் எழுந்தார்கள். மேலாளர் எட்டிப் பார்த்து, "அன்னிக்கே சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேன்ல" என்றார். அவள் தலையாட்டிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பதில் வந்தது. அலுவலகத்தில் படிக்கத் துணிவில்லாமல் தாளில் அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அத்தை கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கியும் வாங்காமல் இருக்கத் தெரிந்தவர். இந்த ஒரு வாரம் அவர் எதுவும் கேட்கவில்லை.

"படி" என்றார் இப்போது.

அவள் நின்றபடியே படித்தாள். "ஞாயித்துக்கிழமை உன் பதில் வரலன்னதும், நான் இல்லாம இருந்தே உனக்குப் பழகிடுச்சுன்னு நெனச்சேன். உன்மேல கோவம் இல்ல. எனக்குத்தான் என்னமோ மாதிரி ஆயிடுச்சு. செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. எத்தனை தடவை படிச்சேன்னு சொல்ல மாட்டேன், நீ கிண்டல் பண்ணுவே. சர்வர் பத்தி எழுதினது பாதி புரியல. கடைசி பாராவை மட்டும் மனப்பாடமாச் சொல்லுவேன். இனிமே அஞ்சு மாசம் ஒண்ணுமில்ல. இருந்துட்டு வந்துடறேன்."

அவள் தாளை மடித்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அத்தை."

அத்தை கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க வழியில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குத் தாளைப் பிடித்து, அவள் விட்டுவிட்ட வரிகளை அவர் சத்தமில்லாமல் படித்தார். "சனிக்கிழமையே பெட்டியைக் கட்டிட்டேன். நீ வான்னு சொல்லுவேன்னு அவ்ளோ நம்பிக்கை. படகு போற வரைக்கும் மேல்தளத்துலதான் நின்னேன். நாலாவது இன்ஜினியர் கையசைச்சான், நானும் அசைச்சேன். பெட்டி இன்னும் கட்டினபடியேதான் இருக்கு. தேவையானதை மேலாப்பல எடுத்துக்கறேன்."

அத்தை தாளைத் திருப்பிக் கொடுத்தார். மடித்த துணியிலிருந்து மகனுடைய பழைய சட்டை ஒன்றை எடுத்தார். இருவரில் யாராவது ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை அதைத் துவைத்துப் போட்டுவிடுவார்கள். காரணம் கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது.

"மேல்தளத்துல காத்து அடிக்கும்" என்றார். "ஒண்ணுமே போத்திக்காமதான் நின்னிருப்பான்."

"ஆமா அத்தை" என்றாள். சட்டையின் மறு கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக அதை மடித்தார்கள்.